ஒரு இடிமேகத்துக்குள்ள எத்தனை வோல்ட்? ஊட்டி மியூவான்களும் ஹிஸ்டோகிராமும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு கேள்வியில இருந்து தொடங்கலாம். தலைக்கு மேல ஒரு பெரிய இடிமேகம் நிக்குது. அதோட அடிக்கும் உச்சிக்கும் நடுவுல எத்தனை வோல்ட் இருக்கும்?

வீட்டு பிளக்ல 230 வோல்ட். ஊருக்கு ஊர் போற பெரிய டவர் லைன்ல 4 லட்சம் வோல்ட். 2014 டிசம்பர் 1-ஆம் தேதி ஊட்டிக்கு மேல வந்து நின்ன ஒரு மேகத்துக்குள்ள 130 கோடி வோல்ட் இருந்துச்சு. இதை அளந்தவங்க மேகத்துக்குள்ள எந்தக் கருவியையும் அனுப்பல. விமானம் போகல, பலூன் போகல. தரையில கான்கிரீட் கூரைக்கு அடியில இருந்த இரும்புக் குழாய்களும், டிஸ்க்ல சேமிச்சு வச்சிருந்த ஃபைல்களும்தான் அந்த எண்ணைக் கொடுத்துச்சு. அந்தக் கணக்கோட நடுவுல இருக்குறது நாம எட்டாங்கிளாஸ் கணக்குப் புத்தகத்துல 'நிகழ்வுச் செவ்வகம்'னு படிச்ச சமாச்சாரம். ஹிஸ்டோகிராம்.

அதனால இன்னைக்கு எபிசோட் ஹிஸ்டோகிராமோட வரலாறு. அதுலயும் முக்கியமா, சேமிச்ச தரவுல இருந்து அதை எப்படி நிரப்புறாங்க, நிரப்புற விதத்துல ஒரு கண்டுபிடிப்பு எப்படிப் பிழைக்குது, எப்படிச் சாகுது என்கிற கதை.

முதல்ல விஷயம் என்னன்னு எங்க ஊர் பாஷையில சொல்லிடறேன். எனக்கு ஊர் கோபிசெட்டிபாளையம். எங்க பக்கம் வாழைத்தார் ஏலம் ரொம்ப சகஜம்ங்க. ஒரு லோடு தார் வந்து இறங்குதுன்னு வைங்க. ஒருத்தர் ஒவ்வொரு தாரையும் பார்த்து சீப்பு எண்ணிச் சொல்றாரு: எட்டு, ஏழு, ஒன்பது, எட்டு... இன்னொருத்தர் நோட்டுல 6, 7, 8, 9, 10-னு வரிசையா எழுதி, சொல்லச் சொல்ல அந்தந்த எண்ணுக்கு நேரா ஒரு கோடு போடறாரு. கடைசியில 8-க்கு நேரா நிறைய கோடு, 6-க்கும் 10-க்கும் நேரா கொஞ்சம். அந்தக் கோட்டுக் கூட்டத்தோட வடிவம்தான் ஹிஸ்டோகிராம். ஒவ்வொரு எண்ணும் ஒரு பெட்டி. கோடு போடறதுதான் 'நிரப்புறது'. 1890-களில் லண்டன்ல இதுக்கு அந்தப் பேரை வச்சவர் கார்ல் பியர்சன், புள்ளியியலைத் தனித் துறையா வளர்த்தவர்கள்ல ஒருத்தர்.

இப்ப ஒரு சிக்கலைக் கவனிங்க. மறுநாள் யாரோ வந்து, "எட்டு சீப்புத் தார்ல எத்தனை பூவன், எத்தனை கதலி?"ன்னு கேட்டா அந்த நோட்டு பதில் சொல்லாது. கோடு போட்ட நிமிஷமே அந்தத் தாரோட மத்த விவரம் எல்லாம் போயிருச்சு. ஹிஸ்டோகிராம் ஒரு சுருக்கம். சுருக்கினதுல இருந்து விரிக்க முடியாது. தார் தாரா ஒரு பட்டியல் எழுதி வச்சிருந்தா மட்டும்தான் புதுக் கேள்விக்குப் புதுசா கோடு போட முடியும். மொத்தக் கதையும் இந்த ஒரு விஷயத்தைச் சுத்தித்தான்.

அடுத்து கோலார் தங்கவயலுக்குப் போவோம். சுரங்கத்துக்குள்ள இறங்கி உழைச்சவங்கள்ல தமிழர்கள் ரொம்ப அதிகம்கிறது உங்களுக்குத் தெரிஞ்சதுதான். அதே சுரங்கத்துக்குள்ள 1950-களோட தொடக்கத்துல இருந்து டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகளும் இறங்கிட்டு இருந்தாங்க. பி.வி. ஸ்ரீகண்டன் அதுல முன்னோடி. அவங்க தேடினது மியூவான்.

மியூவான்னா என்ன? விண்வெளியில இருந்து வர்ற காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்து மேல மோதும்போது உண்டாகுற துகள்கள்ல ஒண்ணு. எலெக்ட்ரானோட அண்ணன் மாதிரி, சுமார் 200 மடங்கு கனம். நீங்க இதைப் படிக்கிற இந்த நொடியிலயும் உங்க உடம்பு வழியா போயிட்டுதான் இருக்கு. பாறையையும் துளைக்கும். ஆனா ஆழம் போகப் போகக் குறையும்.

எவ்வளவு குறையும்னு பார்க்க ஆழத்துக்கு ஒரு பெட்டி வச்சு எண்ணினாங்க. சாம்பியன் ரீஃப் சுரங்கத்துல 9,200 அடியில, அதாவது சுமார் 2.8 கிலோமீட்டர் ஆழத்துல, ரெண்டு மாசம் போல கருவியை ஓட விட்டாங்க. எண்ணிக்கை பூஜ்யம். சாதாரணமா பார்த்தா இது தோல்வி. அவங்களுக்கு அது வழி காட்டின பூஜ்யம். வானத்துல இருந்து வர்ற மியூவானே கிட்டத்தட்ட எட்டாத இடம்னா, அந்த ஆழங்கள்ல வேற எதுனால ஒரு மியூவான் வந்தாலும் தனியாத் தெரியும் இல்லையா? காலியான பெட்டியும் தரவுதான்.

1965-ல சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்துல இந்தியா, ஜப்பான், பிரிட்டன் கூட்டு அணி ஒரு சோதனை நடத்துச்சு. இந்திய அணிக்குத் தலைமை எம்.ஜி.கே. மேனன். இந்தத் தடவை பெட்டிகளைத் திசைப்படி பிரிச்சாங்க. மேல இருந்து நேரா வர்ற மியூவான் கொஞ்சம் இருக்கும், சரி. பக்கவாட்டுல வரணும்னா அது பல கிலோமீட்டர் பாறையைச் சாய்வாக் கடக்கணும், அது நடக்காது. அப்போ பக்கவாட்டுப் பெட்டி காலியா இருக்கணும். காலியா இல்ல. அங்க வந்த விரல்விட்டு எண்ணக்கூடிய சில மியூவான்கள், பாறைக்குள்ளேயே நியூட்ரினோ மோதி உண்டானவை. காற்று மண்டலத்துல பிறக்குற நியூட்ரினோவை உலகத்துல முதல்ல பார்த்த இடங்கள்ல ஒண்ணு கோலார். அதே சமயத்துல தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒண்ணுல ஃபிரெடெரிக் ரைன்ஸ் குழுவும் இதைப் பார்த்துச்சு.

கோலார்ல சில நிகழ்வுகள்தான், கையால எழுதி வச்சே பார்க்கலாம். ஆனா அந்தக் காலத்திலேயே மத்த இடங்கள்ல துகள் இயற்பியல் தரவு மலை மாதிரி குவிய ஆரம்பிச்சிருச்சு. ஜெனீவா பக்கம் இருக்குற செர்ன் ஆய்வகத்துல ஒவ்வொரு ஆராய்ச்சியாளரும் தனக்குனு ஒரு நிரல் எழுதி, காந்த நாடாவுல இருந்து தரவைப் படிச்சு, தனக்குத் தெரிஞ்ச மாதிரி பெட்டி போட்டுட்டு இருந்தாங்க. 1970-களோட தொடக்கத்துல ரெனே ப்ருன் என்பவர் அங்க எச்-புக் என்கிற ஃபோர்ட்ரான் தொகுப்பை உருவாக்கினார். வேலை ஒண்ணே ஒண்ணுதான்: பெட்டி வரையறு, நிரப்பு, அச்சடி. 80-களில் அது பா என்கிற மென்பொருளா வளர்ந்துச்சு. 1995 வாக்குல ப்ருனும் ஃபோன்ஸ் ராடமேக்கர்ஸும் சி பிளஸ் பிளஸ்ல ரூட்டைத் தொடங்கினாங்க. இன்னைக்கும் துகள் இயற்பியல்ல மூச்சு மாதிரி இருக்குற மென்பொருள் அது.

ரூட்ல முக்கியமான யோசனை என்னன்னா, தார் தாரா எழுதின பட்டியலையும் கோடு போட்ட நோட்டையும் அது தனித்தனியா வச்சுக்கும். பட்டியலுக்கு 'ட்ரீ'ன்னு பேரு, அதாவது மரம். ஒவ்வொரு நிகழ்வும் ஒரு வரி, ஒவ்வொரு அளவும் ஒரு பத்தி. பத்தி பத்தியா சேமிக்கிறதுனால, உங்களுக்கு 'சீப்பு எண்ணிக்கை' மட்டும் வேணும்னா அந்தப் பத்தியை மட்டும் டிஸ்க்ல இருந்து படிச்சாப் போதும். ஆயிரக்கணக்கான கோடி வரி இருக்குற இடத்துல இது பெரிய விஷயம்.

நிரலுக்குள்ள நடக்குறது எளிமையானதுதான். ஃபைலைத் திற. ஒரு நிகழ்வைப் படி. தகுதி இல்லாததைத் தள்ளு. மதிப்புல இருந்து கீழ் எல்லையைக் கழி, பெட்டி அகலத்தால வகு, தசமத்தை வெட்டு. வர்ற எண்தான் பெட்டி எண். அதுல ஒண்ணு கூட்டு. அடுத்த நிகழ்வு. அவ்வளவுதான்.

ஆனா இந்த ஒரு வரியிலேயே குழி இருக்கு. மதிப்பு கீழ் எல்லைக்கும் கீழ இருந்தா? கழிச்சு வகுத்தா மைனஸ் 0.3 வருதுன்னு வைங்க. பல நிரல் மொழிகள்ல தசமத்தை வெட்டினா அது பூஜ்யம் ஆயிரும். எல்லைக்கு வெளிய இருந்தது சத்தமே இல்லாம முதல் பெட்டிக்குள்ள உக்காந்துரும். அதனாலதான் ரூட்ல எல்லைக்குக் கீழ ஒரு பெட்டி, மேல ஒரு பெட்டின்னு ரெண்டு கூடுதலா இருக்கும். வெளிய விழுந்ததையும் எண்ணி வைக்கும். மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தா படிச்ச நிகழ்வுகளோட எண்ணிக்கை வரணும். வரலைன்னா எங்கயோ ஓட்டை.

இன்னொரு நல்ல குணம்: ஹிஸ்டோகிராம்களைக் கூட்டலாம். 365 நாள் ஃபைலை 365 கணினிகிட்ட கொடுத்து, தனித்தனியா நிரப்பச் சொல்லி, கடைசியில பெட்டிக்குப் பெட்டி கூட்டினா, ஒரே கணினியில ஓட்டின அதே விடை வரும். இந்தத் துறை இவ்வளவு பெரிய தரவைச் சமாளிக்குறதுக்கு இந்த எளிய கூட்டலும் ஒரு காரணம்.

இப்ப ஊட்டி. கடல் மட்டத்துல இருந்து 2,200 மீட்டர் உயரத்துல டாடா நிறுவனத்தோட காஸ்மிக் கதிர் ஆய்வகம் இருக்கு. அங்க நடக்குற சோதனைக்குப் பேரு கிரேப்ஸ்-3. பேருக்கும் திராட்சைக்கும் சம்பந்தம் இல்ல, ஆங்கிலச் சுருக்கம். ஜப்பான் பல்கலைக்கழகங்களும் இதுல கூட்டு. 25,000 சதுர மீட்டர்ல பரவிக் கிடக்குற சுமார் 400 உணரிகள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் 560 சதுர மீட்டர் மியூவான் தொலைநோக்கி. தொலைநோக்கின்னா லென்ஸ் கிடையாது. 6 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் சதுர வாய் இருக்குற 3,712 இரும்புக் குழாய்கள், நாலு அடுக்கா, 16 தொகுதிகளா அடுக்கி, மேல கான்கிரீட் போட்டிருக்காங்க. அந்தக் கான்கிரீட்டைத் தாண்டணும்னா மியூவானுக்குக் குறைஞ்சது 1 கிகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேணும். எந்தெந்த அடுக்குல எந்தக் குழாய் துடிச்சதுன்னு பார்த்தா, மியூவான் எந்தத் திசையில வந்துச்சுன்னு சொல்லிடலாம். வானத்தை 169 திசைப் பெட்டியாப் பிரிச்சிருக்காங்க.

ஒரு நாளைக்கு வர்ற மியூவான் சுமார் 400 கோடி. நொடிக்கு 46,000. ஒவ்வொண்ணையும் வெறும் 8 பைட்ல எழுதி வச்சாக்கூட நாளைக்கு 32 ஜிபி. இந்தச் சோதனை ஓட ஆரம்பிச்ச 2000 வாக்குல ஒரு சாதாரண ஹார்ட் டிஸ்க்கே அவ்வளவுதான். அதனால மியூவானைப் பொறுத்தவரை திசைவாரியா எண்ணிக்கையைத்தான் சேமிக்கிறாங்க. அதாவது ஃபைலுக்குப் போறதுக்கு முன்னாடியே முதல் ஹிஸ்டோகிராம் நிரம்பிருது. இது சமரசம்தான். ஆனா நல்லா யோசிச்ச சமரசம்: திசையை விடல, நேரத்தை விடல. இந்த ரெண்டையும் விடாததுனாலதான் பின்னாடி மேகம் மாட்டுச்சு.

இந்தத் தொலைநோக்கியை இடிமேகத்துக்காகக் கட்டல. காஸ்மிக் கதிர்களையும் சூரியப் புயலையும் பார்க்கத்தான் கட்டினாங்க. அந்த வேலையையும் அது செஞ்சுச்சு. 2015 ஜூன் 22-ஆம் தேதி, உலக நேரப்படி, சூரியன்ல இருந்து கிளம்பின ஒரு பிளாஸ்மா மேகம் பூமியோட காந்தப் புலத்துல மோதினப்போ, சுமார் ரெண்டு மணி நேரம் மியூவான் எண்ணிக்கை எகிறினதை இந்தக் குழாய்கள் பதிவு பண்ணுச்சு. பூமியோட காந்தக் கவசம் கொஞ்ச நேரம் பலவீனமானதுக்கு அது அடையாளம்னு 2016-ல ஆய்வு வெளியாச்சு.

இடியோட கதை வேற. 2011 ஏப்ரல்ல இருந்து 2014 டிசம்பர் வரைக்கும் 184 இடிமழை நேரங்கள்ல மியூவான் எண்ணிக்கை மாறியிருந்தது பதிவாச்சு. ஏன் மாறும்? மியூவான்ல நேர்மின் வகையும் உண்டு, எதிர்மின் வகையும் உண்டு. மேகத்துக்குள்ள இருக்குற மின்புலம் ஒரு வகைக்கு ஆற்றல் கொடுக்கும், இன்னொரு வகைகிட்ட இருந்து பிடுங்கும். ரெண்டும் சமமா இருந்தா கணக்கு நேராயிரும். ஆனா தரைக்கு வர்றதுல நேர்மின் மியூவான்தான் கொஞ்சம் அதிகம். அதனால நிகரமா ஒரு கூடுதலோ குறைவோ மிஞ்சும். ஆற்றல் குறைஞ்சது கான்கிரீட்டைத் தாண்டாது. எண்ணிக்கை சரியும்.

2014 டிசம்பர் 1 மேகத்துல இந்தச் சரிவு ஏறக்குறைய 2 சதவீதம், சுமார் 18 நிமிஷத்துக்கு. இப்ப நீங்களே அந்த ஆய்வாளர்னு வைங்க. கையில ஃபைல் இருக்கு. பெட்டி அகலம் என்ன வைப்பீங்க?

ஒரு நாளை ஒரு பெட்டியா வச்சா? 1,440 நிமிஷத்துல 18 நிமிஷம்னா 1.25 சதவீதம். 2 சதவீதச் சரிவு நாள் கணக்குல 0.025 சதவீதமாக் கரைஞ்சிரும். காற்றழுத்தம் ஏறி இறங்குறதுலயே அது மறைஞ்சு போயிரும். மேகமே வரலைன்னு எழுதி கையெழுத்துப் போட்டுருவீங்க.

சரி, ஒரு நொடியை ஒரு பெட்டியா வைக்கலாமா? நொடிக்கு 46,000 மியூவான், 169 திசைக்குப் பிரிச்சா சராசரியா ஒரு திசைக்கு 274. எண்ணிக்கையில இயல்பா வர்ற ஆட்டம் அதோட வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். 274-க்கு அது சுமார் 17, அதாவது 6 சதவீதம். 2 சதவீதச் சரிவு அந்த ஆட்டத்துல முங்கிரும்.

நாலு நிமிஷம் வச்சா? ஒரு திசைக்குச் சுமார் 66,000 மியூவான். ஆட்டம் 0.4 சதவீதம். இப்ப 2 சதவீதம் பளிச்சுனு தெரியும். அதே ஃபைல், அதே மேகம். தெரியுறதும் தெரியாததும் பெட்டி அகலத்துல இருக்கு.

தெரிஞ்சாலும் நம்பலாமா? இங்கதான் ரெண்டு பொறி. முதல் பொறி: 16 தொகுதியில ஒண்ணு நின்னு போனா எண்ணிக்கை 6 சதவீதத்துக்கு மேல சரியும். மேகத்தோட சரிவை விட மூணு மடங்கு. இடி மின்னல் நேரத்துல மின்சாரம் தடுமாறுறது நமக்கெல்லாம் தெரியும். அதனால எண்ணிக்கையை மட்டும் நிரப்பினாப் பத்தாது, எந்தத் தொகுதி எவ்வளவு நேரம் ஓடுச்சுன்னு சேர்த்து வச்சு, அதால வகுக்கணும். ரெண்டாவது பொறி: 169 பெட்டி இருந்தா ஏதோ ஒண்ணு தற்செயலா ஆடத்தான் செய்யும். ஆயிரத்துல மூணு தடவைக்கும் குறைவா நடக்கக்கூடிய பெரிய ஆட்டம்கூட, 169 பெட்டியில பார்த்தா ரெண்டு தடவை பார்க்குறதுக்குள்ள ஒண்ணு மாட்டும்.

இந்த ரெண்டாவது பொறி எவ்வளவு பெரியதுன்னு செர்ன்ல நடந்தது காட்டும். 2012 ஜூலை 4-ல ஹிக்ஸ் துகளை அறிவிச்சப்போ காட்டின முக்கியப் படங்கள்ல ஒண்ணு, 125 கிகா எலெக்ட்ரான் வோல்ட் பக்கத்துல மேடு கட்டின ஒரு ஹிஸ்டோகிராம். 2015 டிசம்பர்ல அதே மாதிரி 750 பக்கத்துல இன்னொரு மேடு தெரிஞ்சுச்சு. உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான கோட்பாட்டுக் கட்டுரைகள் வந்துச்சு. 2016 ஆகஸ்ட்ல கூடுதல் தரவை அதே பெட்டிகள்ல நிரப்பினாங்க. மேடு காணோம். வெறும் ஆட்டம். யாரும் ஏமாத்தல, யாரும் தப்பா நிரப்பல. இன்னும் நிரம்பணும்னு காத்திருக்க வேண்டியிருந்துச்சு, அவ்வளவுதான்.

ஊட்டியில மேகத்தைக் காப்பாத்தினது திசை. தற்செயல் ஆட்டம்னா அங்கொண்ணு இங்கொண்ணு சிதறி இருக்கும். தொகுதி நின்னா அது ஒரு திசையைத் தேடிப் பிடிச்சுக் குறைக்காது. இங்க சரிவு பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகள்ல ஒண்ணாத் தெரிஞ்சுச்சு, நேரம் போகப் போக அடுத்தடுத்த பெட்டிக்கு நகர்ந்துச்சு. நகர்ற நிழல். அதுல இருந்து மேகம் மணிக்கு சுமார் 60 கிலோமீட்டர் வேகத்துல போனதையும், கடல் மட்டத்துல இருந்து 11.4 கிலோமீட்டர் உயரத்துல இருந்ததையும், குறைஞ்சது 380 சதுர கிலோமீட்டர் பரப்பு இருந்ததையும் கணக்குப் போட்டாங்க. உயரத்துக்குத் தரையில வச்ச மின்புல மானிகள் உதவுச்சு. அப்புறம் கணினியில ஒரு பொய் மேகத்தை உருவாக்கி, பல வோல்ட் கொடுத்துப் பார்த்து, எதுல நிஜ ஃபைல்ல இருக்குற சரிவு வருதுன்னு ஒப்பிட்டாங்க. விடை 1.3 கிகாவோல்ட். அதாவது 130 கோடி.

பி. ஹரிஹரனை முதல் ஆசிரியராக் கொண்ட அந்தக் கட்டுரை 2019-ல ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழ்ல வந்துச்சு. சுனில் குப்தா அந்தக் குழுவை வழிநடத்தினவர். அதுக்கு முன்னாடி மேகத்துக்குள்ள பலூன் விட்டு அளந்ததுல கிடைச்ச அதிகபட்சம் இதுல பத்துல ஒரு பங்குதான். இடிமேகத்துல கிகாவோல்ட் அளவு இருக்கலாம்னு சி.டி.ஆர். வில்சன் 1920-களில் சொன்னது, கிட்டத்தட்ட 90 வருஷம் கழிச்சு நீலகிரியில நிரூபணம் ஆச்சு.

நான் இதுல கவனிக்கிறது அந்த இடைவெளியை. மேகம் வந்தது 2014. பதில் வந்தது 2019. நடுவுல நாலு வருஷத்துக்கு மேல அந்த மேகம் டிஸ்க்ல இருந்துச்சு. சூரியனுக்காக எடுத்த தரவுன்னு சொல்லி, இடி நேரத்துக் கோணலை 'இரைச்சல்'னு வெட்டி, மாசச் சராசரியை மட்டும் வச்சுக்கிட்டு மூல ஃபைலைத் தூக்கிப் போட்டிருந்தா, அந்த மேகத்தைத் திரும்பக் கூப்பிட முடியாது. எந்த நிரலாலயும் முடியாது.

அந்த மலைப் பக்கம் இருந்து வர்ற பவானித் தண்ணிதான் பவானிசாகர், கொடிவேரி வழியா எங்க கோபி வயலுக்குப் பாயுது. மழையை நாங்க தண்ணியாத்தான் எண்ணிட்டு இருந்தோம், இத்தனை மில்லிமீட்டர், அணையில இத்தனை அடின்னு. அதே மேகத்தை வோல்ட்டாவும் எண்ண முடிஞ்சிருக்கு.

கேட்டுட்டு இருக்கறவங்கள்ல டேட்டா வேலை பார்க்குறவங்க நிறைய பேர் இருப்பீங்க. டாஷ்போர்டுல தினச் சராசரி மட்டும் போதும், மூலத் தரவை அழிச்சிடலாம்னு மீட்டிங்ல யாராவது சொல்லும்போது ஒரு கேள்வி கேளுங்க: நாளைக்கு வேற அகலத்துல பெட்டி போடணும்னா எதை வச்சுப் போடுவோம்? செலவைப் பார்த்து அழிக்க வேண்டி வரலாம், தப்பில்ல. ஊட்டியிலயும் எல்லாத்தையும் வச்சுக்கல. ஆனா எதை விடறோம்னு தெரிஞ்சு விட்டாங்க.

அவ்வளவுதாங்க இன்னைக்கு. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.